காலியாகும் விண்வெளி நிலையம்... அடுத்த ‘வாடகை வீடு’ கட்டுவது யார்?

2025 ஜூன் 25, இந்திய நேரப்படி மதியம் 12 மணி 1 நிமிடம். நம் விமானப்படையின் குரூப் கேப்டன் சுபான்ஷு சுக்லா ஃபுளோரிடாவிலிருந்து விண்ணுக்குக் கிளம்பினார். ராகேஷ் சர்மாவுக்குப் பிறகு 41 ஆண்டுகள் கழித்து விண்வெளிக்குப் போன இந்தியர். சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் காலடி வைத்த முதல் இந்தியரும் அவர்தான். அவர் எடுத்துப்போன கேரட் அல்வா, பாசிப்பருப்பு அல்வா வரைக்கும் எல்லாவற்றையும் நாம் பேசித் தீர்த்துவிட்டோம். அதிகம் பேசாமல் விட்டது ஒன்றுதான். அவர் போன வண்டி யாருடையது?

ராக்கெட்டும் விண்கலமும் எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துடையவை. பயணத்தை ஏற்பாடு செய்தது அமெரிக்காவின் ஹூஸ்டனில் இருக்கும் ஆக்ஸியம் ஸ்பேஸ் என்ற தனியார் நிறுவனம். நம்மூர் காசி - ராமேஸ்வரம் டூர் ஏஜென்ட் போலத்தான். பயிற்சி, நாசாவின் அனுமதி, தங்குமிடம், திரும்பி வருவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கூடவே வந்த கமாண்டர் பெக்கி விட்சன், நாசாவில் ஓய்வுபெற்று ஆக்ஸியமில் வேலை பார்ப்பவர். இந்தப் பயணத்துக்கு இந்திய அரசு செலவழித்தது சுமார் 550 கோடி ரூபாய்.

இதில் நமக்குப் பெருமையான ஒரு கிளைக்கதை உண்டு. ஜூன் 11-ம் தேதியே கிளம்பியிருக்க வேண்டிய ராக்கெட் அது. சோதனையின்போது திரவ ஆக்ஸிஜன் கசிவது தெரியவந்தது. அப்போது ஃபுளோரிடாவில் இருந்த இஸ்ரோ தலைவர் வி.நாராயணன், ‘முழுசா சரி செய்யாம எங்க ஆளை அனுப்ப மாட்டோம்’ என்கிற நிலையில் உறுதியாக நின்றார். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேலகாட்டுவிளையில் பிறந்தவர் அவர். திரவ எரிபொருள் இன்ஜின்களிலேயே வாழ்க்கையைக் கழித்தவர் என்பதால், கசிவு என்றால் என்ன அர்த்தம் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழாயில் விரிசல் இருந்ததாகவும், அப்படியே கிளப்பியிருந்தால் பெரும் விபத்தாகியிருக்கும் என்றும் பிறகு அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர், பஸ்ஸின் பிரேக்கையும் சோதித்துவிட்டு ஏறியிருக்கிறார். எல்லாப் பயணிகளுக்கும் பின்னால் ஒரு இஸ்ரோ இருக்குமா?

வீட்டைக் காலி செய்கிறார்கள்

2000-ம் ஆண்டு நவம்பர் 2-ம் தேதியிலிருந்து ஒரு நாள்கூட ஆள் இல்லாமல் இருந்ததில்லை சர்வதேச விண்வெளி நிலையம். 400 டன்னுக்கு மேல் எடை. ஆறு படுக்கையறை கொண்ட வீட்டைவிடப் பெரியது என்று நாசா சொல்லும். ஆனால் வீடு பழசாகிவிட்டது. ரஷ்யப் பகுதியில் பல ஆண்டுகளாகக் காற்று கசிந்துவந்தது. இதை ஓட்டுவதற்கும், ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்குவதற்கும் நாசாவுக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் ஆகிறது. நிலவுக்கும் செவ்வாய்க்கும் போக அந்தப் பணம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அதனால் 2030-ம் ஆண்டு இறுதியோடு மூடிவிட்டு, அதன் பிறகு பசிபிக் பெருங்கடலின் ஆளில்லாத பகுதியில் விழவைக்கத் திட்டம். இப்படித் தள்ளிவிடுவதற்கென்றே ஒரு விண்கலம் செய்ய 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸுக்கு 84.3 கோடி டாலர் வரை ஒப்பந்தம் கொடுத்தார்கள். வீட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் 1979-ன் ‘ஸ்கைலாப்’ பீதியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தலையில் விழப்போகிறது என்று ஊரே பயந்த கதையைச் சொல்வார்கள். கடைசியில் அதன் துண்டுகள் விழுந்தது ஆஸ்திரேலியாவில். ஸ்கைலாபைவிட இது பல மடங்கு பெரியது என்பதால்தான், தானாக விழும்வரை காத்திருக்காமல் இத்தனை செலவு.

சரி, அதற்குப் பிறகு விஞ்ஞானிகள் எங்கே போய் ஆராய்ச்சி செய்வார்கள்? இன்னொரு வீட்டை நாசா கட்டப் போவதில்லை. ‘தனியார் கட்டட்டும், நாங்கள் வாடகைக்கு வருகிறோம்’ என்று சொல்லிவிட்டது.

இது புது ஆசை இல்லை

2000-ம் ஆண்டிலேயே ‘மிர்கார்ப்’ என்றொரு நிறுவனம், ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தைக் குத்தகைக்கு எடுத்தது. அதன் பணத்தில் இரண்டு ரஷ்ய வீரர்கள் மேலே போய் இரண்டு மாதத்துக்கு மேல் தங்கி, மூடிக்கிடந்த மிர்ரைத் தூசி தட்டிவிட்டுக்கூட வந்தார்கள். அங்கே போக டிக்கெட் போட்டவர்தான் அமெரிக்கத் தொழிலதிபர் டென்னிஸ் டிட்டோ. ஆனால் பணம் போதாமல், 2001 மார்ச்சில் மிர்ரைக் கடலில் தள்ளிவிட்டது ரஷ்யா. டிட்டோ விடவில்லை. சுமார் 2 கோடி டாலர் கொடுத்து, அதே ஆண்டு ஏப்ரலில் ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் ஏறி சர்வதேச நிலையத்துக்கே போய்விட்டார். கடைசிவரை முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தது நாசா. இன்று அதே நாசா தனியாரைக் கையைப் பிடித்து அழைக்கிறது.

அடுத்து வந்தவர் ராபர்ட் பிகலோ. அமெரிக்காவில் மலிவு விலை தங்கும் விடுதிகள் நடத்திச் சம்பாதித்தவர். சுருட்டி மடித்து ராக்கெட்டில் ஏற்றி, மேலே போனதும் பலூன் போல ஊதிப் பெரிதாக்கும் அறைகள்தான் அவர் கனவு. நாசா ஆராய்ந்து பாதியில் கைவிட்ட யோசனை அது. 2006-லும் 2007-லும் ஆளில்லா மாதிரிகள் இரண்டை விண்ணில் ஏவிக் காட்டினார். 2016-ல் அவருடைய ‘பீம்’ என்ற ஊதும் அறை சர்வதேச நிலையத்தோடு இணைக்கப்பட்டது. இரண்டு ஆண்டு சோதனைக்கு என்று போன அறை, நன்றாக உழைத்ததால் அங்கேயே சாமான் அறையாகத் தங்கிவிட்டது. கண்டுபிடிப்பு ஜெயித்தது. வியாபாரம்தான் தோற்றது. 2020 மார்ச்சில் பிகலோ ஏரோஸ்பேஸ் தன் ஊழியர்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பியது.

ரூம் ரேட் இதுதான்!

2019-ல் நாசாவே ஒரு விலைப்பட்டியலை வெளியிட்டது. சர்வதேச நிலையத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உயிர்காப்பு வசதி மற்றும் கழிப்பறைக்கு 11,250 டாலர். உணவு, காற்று, மருந்துப் பொருள்கள் வகையில் 22,500 டாலர். டேட்டா ஒரு ஜிபிக்கு 50 டாலர். நம்மூர் பஸ் ஸ்டாண்டின் கட்டணக் கழிப்பறையில் 10 ரூபாய்க்குச் சண்டை போடும் நமக்குத் தலை சுற்றும். பிறகு அந்தப் பட்டியலும் கட்டுப்படியாகவில்லை என்று 2021-ல் மாற்றினார்கள். நிலையத்தில் இருக்கும் வீரர்களின் நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள ஒரு பயணத்துக்கு 52 லட்சம் டாலர், திட்டமிடலுக்கு 48 லட்சம் டாலர் என்று ஏறிவிட்டது.

இதெல்லாம் தங்கும் செலவு. போய்வரும் டிக்கெட் தனி. 2022 ஏப்ரலில் ஆக்ஸியமின் முதல் பயணத்தில் மூன்று தொழிலதிபர்கள் போனார்கள். தலைக்குச் சுமார் 5.5 கோடி டாலர். 10 நாள் பயணம், தரையிறங்கும் கடலில் வானிலை சரியில்லாமல் 17 நாளானது. அந்த மூவரும் ‘எங்களை டூரிஸ்ட் என்று சொல்லாதீர்கள், ஆராய்ச்சிக்குப் போகிறோம்’ என்றுதான் சொன்னார்கள்.

சொகுசு என்று நினைத்துவிடாதீர்கள். 2021 செப்டம்பரில் ஸ்பேஸ்எக்ஸின் ‘இன்ஸ்பிரேஷன் 4’ பயணத்தில் நான்கு சாதாரண குடிமக்கள் மூன்று நாள் பூமியைச் சுற்றினார்கள். திரும்பி வந்த பிறகு பிரித்துப் பார்த்தால், கழிப்பறைக் குழாய் ஒன்று கழன்று, சிறுநீர் தரைக்கு அடியில் சேர்ந்திருந்தது.

(பிரபலங்கள் 11 நிமிடத்தில் போய்வந்தார்களே, அது வேறு. ஜெஃப் பெசோஸின் ப்ளூ ஆரிஜின் விண்கலம் 100 கி.மீ. உயரத்தைத் தொட்டுவிட்டு அப்படியே கீழே விழுந்துவிடும். பூமியைச் சுற்றுவதற்கு மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. வேகம் வேண்டும். விலை வித்தியாசம் எல்லாம் அந்த வேகத்தில்தான் இருக்கிறது.)

களத்தில் யார் யார்?

அவசரத்தில் முந்தி நிற்பது ‘வாஸ்ட்’. கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் இயங்கும் இதை 2021-ல் தொடங்கியவர், கிரிப்டோ கரன்சியில் கோடீஸ்வரரான ஜெட் மெக்கேலப். 100 கோடி டாலர் வரை சொந்தப் பணம் போடத் தயார் என்றவர். இவர்களின் ‘ஹேவன்-1’ ஒரே ஒரு அறைதான். நான்கு பேர், தலா இரண்டு வாரம். உள்ளே புழங்கும் இடம் 45 கன மீட்டர். நம் வீட்டின் 10-க்கு 10 அறை ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மரப்பலகை பதித்த சுவர், பூமியைப் பார்க்க ஒரு பெரிய ஜன்னல், உடலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் ஊதும் படுக்கை என்று படங்கள் எல்லாம் ரிசார்ட் விளம்பரம் போல இருக்கின்றன.

ஆனால் அடுப்படியும் குளியலறையும்தானே வீட்டின் தரத்தைச் சொல்லும்? சர்வதேச நிலையத்தில் சிறுநீர், வியர்வை உட்பட 98% தண்ணீரை மீட்டுக் குடிநீராக்குகிறார்கள். ஹேவன்-1ல் அப்படியில்லை. கொண்டுபோனதைப் பயன்படுத்தித் தீர்க்கும் முறைதான். நீண்ட நாள் குடித்தனத்துக்கு ஆகாது. 2025 ஆகஸ்ட்டில் ஏவுவோம் என்றார்கள், பிறகு 2026 மே என்றார்கள். தேதி தள்ளிக்கொண்டே போகிறது. 2025 நவம்பர் 2-ம் தேதி ‘ஹேவன் டெமோ’ என்ற சிறிய சோதனைக் கலத்தை மட்டும் ஏவிப் பார்த்தார்கள்.

ஆக்ஸியம் இன்னொரு வழியில் வருகிறது. சர்வதேச நிலையத்தோடு தன் அறையை ஒட்டவைத்து, பிறகு பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போவது. அறைகளின் உலோகக் கூடு இத்தாலியின் டூரின் நகரத்தில் தயாராகிறது. உள் அலங்காரம் பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஃபிலிப் ஸ்டார்க். நிலவுக்கான விண்வெளி உடைக்குக் கைகோத்தது ஃபேஷன் நிறுவனமான பிராடா. பெயர்கள் எல்லாம் பளபளக்கின்றன. முதலில் 2024-ல் ஏவுவதாக இருந்த முதல் அறை, 2027-க்குப் போய்விட்டது.

‘ஸ்டார்லேப்’ பல நிறுவனங்களின் கூட்டணி. வாயேஜர், ஏர்பஸ், மிட்சுபிஷி எல்லாம் இருக்கின்றன. தங்கும் அறைகளை வடிவமைக்க ஹில்டன் ஹோட்டல். ஏற்கெனவே 2019-ல் ஹில்டனின் பிஸ்கட் மாவை விண்வெளி நிலையத்தில் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். பூமியில் 20 நிமிடத்தில் வெந்துவிடும் குக்கீ, அங்கே வேக இரண்டு மணி நேரம் ஆனது. அந்த அடுப்பைச் செய்வதில் பங்கெடுத்த நானோராக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஜெஃப்ரி மேன்பர். 2000-ல் மிர்கார்ப்பை நடத்திய அதே ஆள்! கால் நூற்றாண்டாக ஒரே கனவு. ஆனால் ஸ்டார்லேப் முழுவதும் ஒரே தடவையில் மேலே போக வேண்டியது ஸ்டார்ஷிப் ராக்கெட்டில். அதுவோ இன்னும் சோதனைக் கட்டத்தில் இருக்கிறது. ப்ளூ ஆரிஜினின் ‘ஆர்பிட்டல் ரீஃப்’ 2021-ல் பெரிய ஆரவாரத்தோடு அறிவிக்கப்பட்டது. இப்போது பேச்சு குறைந்துவிட்டது.

வாடகை யார் கொடுப்பார்கள்?

5.5 கோடி டாலர் கொடுத்துப் போகும் கோடீஸ்வரர்கள் வரிசையில் நிற்கவில்லை. ஆக்ஸியம் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. இரண்டாவது பயணத்தில் சவுதி அரேபியா, மூன்றாவதில் துருக்கி, இத்தாலி, ஸ்வீடன், நான்காவதில் இந்தியா, போலந்து, ஹங்கேரி. இப்போது வாடிக்கையாளர்கள் நாடுகள்தான். ‘எங்கள் நாட்டு வீரர்’ என்று கொடி காட்ட அரசுகள் பணம் கொடுக்கின்றன. என்னைக் கேட்டால், தனியார் விண்வெளி வணிகம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி அரசுப் பணம், வேறு கல்லாப்பெட்டி வழியாகப் போவதுதான்.

அதிலும் பெரிய குடித்தனக்காரரான நாசாவே கையைச் சுருக்குகிறது. எப்போதும் ஆள் இருக்கும் நிலையம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது, 2025 ஆகஸ்ட்டில் நிபந்தனையைத் தளர்த்தி, குறைந்தபட்சம் நான்கு பேர் ஒரு மாதம் தங்கினால் போதும் என்றது. 2030-க்குள் எதுவும் தயாராகாவிட்டால், விண்வெளியில் நிரந்தரமாக மனிதர் வாழும் ஒரே இடம் சீனாவின் தியான்கொங் நிலையமாக இருக்கும்.

இந்தியா தனக்கென்று ‘பாரதிய அந்தரிக்ஷ் ஸ்டேஷன்’ கட்டத் திட்டமிட்டிருக்கிறது. முதல் பகுதி 2028-ல், முழு நிலையம் 2035-ல் என்பது இலக்கு. சுக்லாவின் 18 நாள் அனுபவத்தையும், அவர் முளைக்கவைத்த பாசிப்பயறு, வெந்தய விதைகளையும் இஸ்ரோ அந்தக் கணக்கில்தான் பார்க்கிறது.

விபத்து என்றால் யார் பொறுப்பு?

அமெரிக்காவில் இப்போது தனியார் நிலையங்களுக்கு ஆளை ஏற்றிப்போக நம்பியிருக்கும் வண்டி ஒன்றே ஒன்று, ஸ்பேஸ்எக்ஸின் டிராகன். போட்டிக்கு வந்த போயிங்கின் ஸ்டார்லைனர், எட்டு நாளில் திரும்ப வேண்டிய சுனிதா வில்லியம்ஸையும் புட்ச் வில்மோரையும் ஒன்பது மாதம் மேலேயே விட்டுவிட்டு ஆளில்லாமல் திரும்பியதை மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களை அழைத்து வந்ததும் டிராகன்தான். 2025 ஜூன் 5-ம் தேதி ட்ரம்ப்போடு எக்ஸ் தளத்தில் சண்டை போட்ட மஸ்க், ‘டிராகனை நிறுத்திவிடுவேன்’ என்று எழுதினார். சில மணி நேரத்தில் வாபஸ் வாங்கினார். சுக்லாவின் டிராகன் கிளம்புவதாக அப்போது திட்டமிட்டிருந்த தேதிக்கு ஒரு வாரம்கூட இல்லாத நேரம் அது.

பயணிகளுக்கான சட்டம் இன்னும் விசித்திரம். அமெரிக்க நாடாளுமன்றம் 2004-ல் கொண்டுவந்த சட்டத்தின்படி, தனியார் விண்கலத்தில் போகும் பயணிகளின் பாதுகாப்புக்கு அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் விதிகள் போட முடியாது. தரையில் இருப்பவர்களின் உயிருக்கும் உடைமைக்கும் மட்டும்தான் அதன் கண்காணிப்பு. வளரும் தொழிலை முளையிலேயே கிள்ளிவிடக் கூடாது என்பது காரணம். ‘இந்த வண்டி பாதுகாப்பானது என்று அரசு சான்றளிக்கவில்லை’ என்பதைப் பயணிக்கு எழுத்தில் தெரிவித்து, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும்.

இந்த ஏற்பாட்டைப் பலமுறை நீட்டித்துவிட்டார்கள். இப்போதைய கெடு 2028 ஜனவரி 1. ஹேவன்-1க்கு முதல் விருந்தாளிகளை அனுப்ப வாஸ்ட் நினைப்பது, அதற்கு முன்பே.