பேனாக்கட்டை வார்ப்போம்: எந்த ரெசின், எந்த அச்சு?

தனுவச்சபுரத்தில் எங்கள் பூர்வீக வீட்டு வாசல் நிலையைக் கரையான் அரித்துவிட்டதால் மாற்ற நேர்ந்தது. தாத்தா காலத்து அயனி மரம். எறிய மனம் வரவில்லை. நல்ல பாகத்தை அறுத்ததில் ஆறு சிறு துண்டுகள் தேறின. வெளியூர்களில் வாழும் என் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பேனா கடைந்து கொடுக்கலாம் என்று எண்ணினேன். கரையான் குடைந்த பொந்துகளை ரெசினால் நிரப்ப வேண்டும். அந்த அனுபவத்தையே அன்பர்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

கடைந்து பேனா செய்வது நமக்குப் புதிதல்ல. 1935-இல் காந்தியடிகள் பாராட்டிக் கடிதம் எழுதிய ராஜமுந்திரி ரத்தினம் பேனாவும், திருவள்ளூர் ரங்கா பேனாவும் எபொனைட் தடியைக் கடைந்து பெயர் பெற்றவை. எபொனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். அதை வீட்டில் செய்ய முடியாது. ரெசினை வார்க்க முடியும். 2 செ.மீ. சதுரமும் 13 செ.மீ. நீளமும் உள்ள கட்டைக்கு 52 மி.லி. போதும். உள்ளே மரம் இருந்தால் இன்னும் குறையும்.

பாலியெஸ்டர்

விழிஞ்ஞம், குளச்சல் பக்கம் ஃபைபர் படகு கட்டுவது இதைக் கொண்டுதான். மூன்றிலும் விலை குறைந்தது. மெருகும் நன்றாக ஏறும். ஆனால் நெடி அதிகம். இறுகும்போது சூடேறும், கன அளவில் சுமார் 7 சதவீதம் சுருங்கும். நம் ஊர் வெப்பத்தில் 100 கிராம் ரெசினுக்கு 1 கிராம் கேட்டலிஸ்ட் போதும். நான் அவசரப்பட்டு 3 கிராம் ஊற்றினேன். கட்டை நடுவே பிளந்தது. முதல் துண்டு போயிற்று.

ஒரு முக்கிய எச்சரிக்கை: கேட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது. தீப்பற்றி வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும்.

பாலியூரிதேன்

சில நிமிடங்களில் இறுகிவிடும். கடைவதற்கு மிக இதமானது. ஆனால் இதற்கு ஈரம் எதிரி. ஈரம் பட்டால் கரியமில வாயு உண்டாகும். நான் வார்த்தது இடவப்பாதி மழையில். ரெசின் ஆப்ப மாவு போல் பொங்கிவிட்டது. இரண்டாவது துண்டும் போயிற்று.

காற்றழுத்தக் கலத்தில் வைத்து இறுக விட்டால் குமிழிகள் சிறுக்கும். மானியில் 3 கிலோ காட்டும்போது குமிழியின் கன அளவு ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். அதற்கென்று சோதித்த கலம்தான் வேண்டும். சமையல் குக்கர் ஏறக்குறைய 1 கிலோ அழுத்தத்திற்காகச் செய்யப்பட்டது. அதில் பம்ப் வைத்துக் காற்றடிப்பது உயிரோடு விளையாடுவது. மேலும், ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் பாலியூரிதேனே வேண்டாம்.

எப்பாக்ஸி

ரயில்வேயில் சிக்னல் மின்சுற்றுக்காகத் தண்டவாளங்களை மின்சாரம் கடக்காதபடி ஒட்டி இணைப்போம். அந்தப் பசை இந்த இனம்தான். நெடியும் சுருக்கமும் குறைவு. டப்பாவில் உள்ள விகிதம் எடையா, கன அளவா என்று பார்த்துக் கலக்க வேண்டும். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது தவறு. கலவை பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கையுறை அவசியம்.

ஒரு நாளில் அச்சிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் உடனே கடையக் கூடாது. நான் மறுநாளே லேத்தில் ஏற்றினேன். சூட்டில் ரெசின் இளகி, மரத்தை விட்டுப் பிய்ந்து வந்தது. மூன்றாவது துண்டும் போயிற்று. மிச்சம் இருந்தவை மூன்றே மூன்று. பிள்ளைகளும் மூன்று பேர்!

அச்சுகள்

சிலிக்கான் ரப்பர் அச்சு விலை கூடியது. ஆனால் கட்டை ஒட்டாமல் வரும். நீங்களே அச்சு எடுப்பதானால் எபொனைட் துண்டை மாதிரியாக வைக்க வேண்டாம். அதிலுள்ள கந்தகம் பிளாட்டினம் வகைச் சிலிக்கானை இறுக விடாது.

காய்கறி நறுக்கும் பாலித்தீன் பலகையை அறுத்துத் திருகாணி போட்ட பெட்டியும் நல்ல அச்சே. எப்பாக்ஸி அதில் ஒட்டாது. மரப்பெட்டி என்றால் உள்ளே பார்சல் டேப் ஒட்டுங்கள். பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து, மெழுகு தடவிக் கட்டிக்கொள்ள வேண்டும். பாலியெஸ்டரைத் தெர்மோகோல் கப்பில் கலக்காதீர்கள், கப்பே கரைந்துவிடும்.

முடிவாக

எஞ்சிய மூன்று துண்டுகளைச் சமையலறைத் தராசில் தினமும் நிறுத்தேன். எடை குறைவது நின்ற பிறகு எப்பாக்ஸியை மெல்லப் பூசி, மரத்தின் துளைகளை அடைத்தேன். மறுநாள் பாலித்தீன் பெட்டியில் வார்த்து, ஏழு நாள் தொடாமல் வைத்திருந்து, கூரான உளியால் கடைந்தேன். மூன்றும் தேறின.

எனவே, நம்மைப் போல் வீட்டில் செய்பவர்களுக்கு எப்பாக்ஸியும் பாலித்தீன் அச்சுமே என் சிபாரிசு. முதல் வார்ப்பை விறகுத் துண்டில் செய்து பாருங்கள். ரெசின் கடையில் மறுபடியும் கிடைக்கும். தாத்தா வைத்த நிலை கிடைக்காது.