மூன்று படங்கள், ஒரே தலை

திருப்பூர்ப் பக்கத்து மாணவர்கள் பனியன் மீது படம் அச்சிடும் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனி ஸ்கிரீன் உண்டு. சிவப்பை அடித்த பிறகு கறுப்பு ஸ்கிரீனை அதே இடத்தில் இறக்க வேண்டும். சற்றே நகர்ந்தாலும் கிளியின் மூக்கு ஓரிடத்திலும் அதன் சிவப்பு வேறிடத்திலும் விழும். இதைத் தவிர்க்க ஸ்கிரீன்களின் ஓரத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். குறி மேல் குறி பொருந்தினால் ‘ரிஜிஸ்டர்’ சரி. மருத்துவப் படங்களைப் பொருத்துவதற்கும் ‘இமேஜ் ரிஜிஸ்ட்ரேஷன்’ என்றே பெயர். ஆனால் மனிதத் தலையில் கூட்டல் குறி ஏது?

மூளையில் கட்டி உள்ள ஒருவருக்குக் கதிர் சிகிச்சை தரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சி.டி. படம் எக்ஸ் கதிர்கள் எங்கே எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்று காட்டும். கதிரின் அளவைக் கணக்கிட இதுவே அடிப்படை. கட்டியின் எல்லையோ எம்.ஆர்.ஐ. படத்தில்தான் தெளிவாகத் தெரியும். கட்டியின் எப்பகுதி தீவிரமாக வளர்கிறது என்பதைச் சர்க்கரை போன்ற ஒரு கதிரியக்கப் பொருளைக் கொண்டு பெட் ஸ்கேன் காட்டும். மூன்றும் வெவ்வேறு கருவிகளில், வெவ்வேறு நாட்களில் எடுக்கப்பட்டிருக்கலாம். தலை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சாய்ந்திருக்கும். ஒரு படத்தில் வரைந்த எல்லையை மற்றொன்றுக்கு மாற்றும்போது மூன்று மில்லிமீட்டர் பிசகினால், கட்டியின் விளிம்பு தப்பிவிடும். பக்கத்திலுள்ள பார்வை நரம்பு கதிரை வாங்கிக்கொள்ளும்.

மண்டையோடு வளையாதது. ஆகவே மூன்று திசைகளில் நகர்த்தல், மூன்று அச்சுகளில் சுழற்றல் என ஆறே எண்களைக் கண்டுபிடித்தால் போதும். ஆனால், பொருந்திவிட்டது என்று கணிப்பொறிக்கு எப்படித் தெரியும்? வெளிச்சத்தை ஒப்பிட முடியாது. சி.டி.யில் எலும்பு வெள்ளை, எம்.ஆர்.ஐ.யில் அதே எலும்பு ஏறக்குறையக் கறுப்பு.

இதற்கு 1995-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பால் வயோலா, வில்லியம் வெல்ஸ் ஆகியோரும், பெல்ஜியத்தின் லூவன் நகரில் வேறொரு குழுவினரும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டனர். கிளாட் ஷானன் 1948-இல் தந்த தகவல் கோட்பாடே இருவருக்கும் அடிப்படை.

கட்டத்தாளில் நீங்களே செய்து பாருங்கள். ஆறுக்கு ஆறு கட்டங்களில் ஒரு ‘தலை’: ஓரம் முழுவதும் 0, அதற்கு உள்வளையம் எலும்பு 9, நடு நான்கு கட்டங்கள் மூளை 4. இது சி.டி. இன்னொரு தாளில் ஓரம் 0, எலும்பு 1, மூளை 7. இது எம்.ஆர்.ஐ. இரண்டையும் சரியாக அடுக்கினால் (0,0), (9,1), (4,7) என்ற மூன்று ஜோடிகள்தாம் வரும். இப்போது மேல்தாளை ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்துங்கள். (9,0), (9,7), (4,1), (0,1) என்று புதியவை முளைத்து, ஜோடிகள் ஏழு வகையாகிவிடும்! ஒன்பதும் ஒன்றும் சமமல்ல. ஆனால் சரியாகப் பொருந்தியிருக்கும்போது, இங்கே 9 என்றால் அங்கே 1 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஒரு படம் மற்றொன்றைப் பற்றி எவ்வளவு சொல்கிறது என்பதுதான் அளவுகோல். இதைப் ‘பரஸ்பரத் தகவல்’ என்கிறோம். கணிப்பொறி சற்று நகர்த்தும், எண்ணும், மீண்டும் நகர்த்தும். அந்த அளவு மேலும் உயராத இடத்தில் நிற்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பனிமூட்டத்தில் மலையேறுகிறவர் ஒரு சிறு குன்றின் உச்சியையே தொட்டபெட்டா என்று நினைத்து நின்றுவிடலாம் அல்லவா? கணிப்பொறியும் அப்படி ஏமாறும். அதனால் முதலில் மங்கலாக்கிய படங்களைப் பொருத்திவிட்டு, படிப்படியாக நுட்பமான படங்களுக்குச் செல்கிறார்கள்.

நுரையீரலும் கல்லீரலும் மண்டையோடு போன்றவை அல்ல. அவை பனியன் துணி. இழுத்தால் இழுபடும், மூச்சுக்கு மூச்சு வடிவம் மாறும். 1998-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பெட், சி.டி. இரண்டையும் ஒரே கருவியில் இணைத்த பிறகும் மூச்சினால் வரும் பிசகு தீரவில்லை. சென்னை ஐ.ஐ.டி. 2024-இல் வெளியிட்ட ‘தரணி’ என்ற கருக்குழந்தை மூளைப் படத்தொகுப்பில் 5132 மெல்லிய வெட்டுகள் உள்ளன. இவ்வாறு வெட்டிச் சாயமேற்றும் திசு சுருங்கும், சுருக்கம் விழும். அதை நீவி அடுக்கினால்தான் முழு மூளை கிடைக்கும்.

இதற்கெல்லாம் படத்தை இடத்துக்கு இடம் நீட்டவும் சுருக்கவும் மென்பொருளுக்கு அனுமதி தரவேண்டியுள்ளது. அனுமதி மிஞ்சினால் ஆபத்து. சிகிச்சைக்குப் பின் கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது என்று கொள்ளுங்கள். மென்பொருள் அதை இழுத்துப் பழைய கட்டியோடு பொருத்திவிட்டால், மாற்றமே இல்லாதது போலத் தோன்றும்! எனவே நீட்டலுக்கு ஓர் ‘அபராதம்’ விதிக்கிறார்கள்: அதிகமாக இழுத்தால் மதிப்பெண் குறையும். எவ்வளவு அபராதம் என்பது மனிதர் முடிவு. என்னைக் கேட்டால், இந்த ஒரு எண்ணைத் தேர்வதுதான் முழு வேலையிலும் கடினமானது.

மென்பொருள் காட்டும் மதிப்பெண்ணை மட்டும் நம்பிச் சிகிச்சையைத் தொடங்குவதில்லை. இரு படங்களையும் சதுரங்கப் பலகைபோல் மாற்றி மாற்றிக் கட்டங்களாகத் திரையில் வைத்து, மருத்துவரும் மருத்துவ இயற்பியலாளரும் உற்றுப் பார்க்கிறார்கள். மண்டையோட்டின் கோடு ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு முறியாமல் ஓடவேண்டும். முறிந்தால், மறுபடியும் முதலிலிருந்து.