உடம்புக்குள் இருப்பது யாருடைய கருவி?

நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்குத் திடீரென்று பார்வை போனது. போனது செயற்கைப் பார்வை. அவர் கண்ணுக்குள் இருந்த ‘ஆர்கஸ் 2’ கருவி நின்றுவிட்டது. அறுவை சிகிச்சை செய்து எடுப்பதிலும் ஆபத்து உண்டு என்பதால், ஓடாத கருவியைக் கண்ணிலேயே விட்டுவிட்டார்.

ஆர்கஸ் 2, கலிபோர்னியாவின் செகண்ட் சைட் நிறுவனம் செய்த செயற்கை விழித்திரை. அமெரிக்காவில் 2013இல் அனுமதி கிடைத்தது. மூக்குக் கண்ணாடியில் சின்ன கேமரா, இடுப்பில் ஒரு செயலி, விழித்திரையின் மேல் 60 மின்முனைகள். கேமரா காண்பதைச் செயலி மின்துடிப்புகளாக மாற்றிக் கண்ணுக்கு அனுப்பும். முகமோ நிறமோ தெரியாது; வெளிச்சப் புள்ளிகள் மட்டும் தெரியும். கதவு எங்கே, நடைபாதையின் ஓரம் எங்கே என்று அவற்றை வைத்துக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும். பல ஆண்டுகள் இருட்டில் இருந்தவர்களுக்கு அதுவும் பெரிய வரம்தான். ஏறத்தாழ 1,50,000 டாலர் விலையுள்ள இந்தக் கருவியை உலகெங்கும் 350க்கும் மேற்பட்டவர்கள் பொருத்திக்கொண்டார்கள்.

2019இல் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியது. 2020 மார்ச்சில் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. கருவி பழுதானால் யாரிடம் போவது? தலைச்சுற்றலுக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்ன மருத்துவர்களுக்கு, கண்ணிலுள்ள கருவியால் ஆபத்து வருமா என்பதை நிறுவனத்திடம் கேட்டுச் சொல்ல முடியாமல் தவித்தார் ஒரு நோயாளி. 2022இல் ஓர் அமெரிக்கத் தொழில்நுட்ப இதழ் எழுதிய பிறகே இந்த நிலை வெளியுலகுக்குப் பரவலாகத் தெரிந்தது. நிறுவனம் நொடிப்பது வியாபாரத்தில் சகஜம். ஆனால் அதன் சரக்கு மனிதனின் கண்ணுக்குள் இருக்கும்போது அதைச் சகஜம் என்று விட முடியாது.

இப்படித்தான் ஆகவேண்டும் என்றில்லை. 1958 அக்டோபர் 8ஆம் தேதி, ஸ்வீடனின் ஆர்னே லார்சன் உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட முதல் மனிதரானார். தினமும் பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்தவர் அவர். ரூனே எல்ம்குவிஸ்ட் என்ற பொறியாளர் ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்த அந்தக் கருவி, சில மணி நேரத்தில் நின்றுபோனது. அறுவை மருத்துவர் ஓகே சென்னிங் உடனே மாற்றுக் கருவியை வைத்தார். அதன் பிறகும் லார்சனுக்குக் கருவிகள் மாறிக்கொண்டே இருந்தன. மொத்தம் 26 என்கிறார்கள். பொறியாளரும் மருத்துவரும் காலமான பிறகும் வாழ்ந்து, 86 வயதில் 2001இல் இறந்தார். பழைய கருவி நின்றபோதெல்லாம் புதியதைத் தர யாரோ இருந்தார்கள். அவர் உயிர் அதில்தான் இருந்தது.

இந்தக் கவலை நமக்கும் உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்துகிறார்கள். அருமையான திட்டம். ஆனால் காதுக்குப் பின்னால் மாட்டும் செயலியோ வயரோ பழுதானால், அது சரியாகும்வரை அந்தக் குழந்தைக்கு எதுவும் கேட்காது.

எனவே இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: பேட்டரி எத்தனை ஆண்டு வரும், உதிரி பாகம் எங்கே கிடைக்கும், செலவு யாருடையது? கருவியின் அடையாள அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நிறுவனம் மூடினாலும் உதிரி பாகங்களும் தொழில்நுட்ப விவரங்களும் நோயாளிக்குக் கிடைக்க வேண்டும் என்பதை, அனுமதி கொடுக்கும்போதே அரசு நிபந்தனையாக்க வேண்டும்.