உலைக்குப் போகாத பாட்டில்

கண்ணாடி பாட்டில் செய்யும் உலையை ஒருமுறை பற்றவைத்துவிட்டால் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு அணைப்பதில்லை. தீபாவளி ஆனாலும் சரி, ஆர்டர் குறைந்தாலும் சரி, உள்ளே 1,500 டிகிரி செல்சியஸை ஒட்டி கண்ணாடிக் குழம்பு கனன்றுகொண்டே இருக்க வேண்டும். ஆறவிட்டால் குழம்பு இறுகும், உலைச் சுவரின் செங்கல் விரிசல் விடும். ஆகவே, இன்று எரிவாயு உலை கட்டுகிற ஆலை, ஏறக்குறைய 2040 வரை எரிவாயுவையே எரிக்கப்போகிறது. கண்ணாடித் தொழிலின் சூழல் பிரச்சினையைப் பேச இந்த அவசரம் ஒன்றே போதும்.

மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல் ஆகிய மூன்றும்தான் கண்ணாடியின் முக்கிய மூலப்பொருள்கள். மணல் தனியாக உருக 1,700 டிகிரி வேண்டும். சோடா சாம்பல் சேர்த்தால் அது குறையும். சுண்ணாம்பு, கண்ணாடி தண்ணீரில் கரையாமல் காக்கும். சிக்கல் என்னவென்றால், சோடா சாம்பலும் சுண்ணாம்புக்கல்லும் கார்பனேட்டுகள். சூட்டில் சிதையும்போது தங்களுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகின்றன. எரிபொருளை எவ்வளவு சுத்தமாக்கினாலும் இந்தப் புகை நிற்காது.

இதற்கு மருந்து பழைய பாட்டிலிலேயே இருக்கிறது. உடைந்த கண்ணாடி ஏற்கெனவே வெந்து முடிந்த பொருள். அதை உருக்கக் குறைந்த சூடு போதும், கார்பனேட் சிதைவும் இல்லை. உலையில் போடும் கலவையில் கண்ணாடித் தூளைப் பத்து சதவீதம் கூட்டினால் எரிபொருள் செலவு சுமார் 2.5 முதல் 3 சதவீதம் குறையும். ஒரு டன் கண்ணாடித் தூள், ஏறக்குறைய 1.2 டன் மூலப்பொருளை மிச்சப்படுத்தும்.

ஆனால் அந்தத் தூள் சுத்தமாக இருக்க வேண்டும். உடைந்த பீங்கான் கோப்பையின் சில்லு ஒன்று குவியலில் கலந்துவிட்டது என்று வையுங்கள். கண்ணாடி உருகும் சூட்டில் அது உருகாது. அப்படியே போய்ப் புது பாட்டிலின் சுவரில் வெள்ளைக் கல்லாகப் பதிந்துவிடும். சோடாவோ பியரோ ஊற்றி மூடி அடைத்ததும், அழுத்தம் தாங்காமல் பாட்டில் அந்த இடத்தில்தான் வெடிக்கும். அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரத்தின் துண்டும் இதே தொல்லைதான். நிறமும் முக்கியம். பழுப்புச் சில்லு கலந்துவிட்டால் வெள்ளை பாட்டில் வார்க்க முடியாது. காயலான் கடையில் வெயிலில் உட்கார்ந்து வெள்ளை, பச்சை, பழுப்பு என்று பிரித்துப் போடுகிற பெண்களின் கைகள்தான் இந்த நாட்டில் கண்ணாடி மறுசுழற்சியின் முதல் இயந்திரம். கையுறைகூட இல்லாமல் அவர்கள் செய்யும் இந்த வேலையை எந்த ஆலையும் தன் கணக்கில் காட்டுவதில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

உலையிலும் மாற்றம் வந்திருக்கிறது. ஜெர்மனியின் ஓபர்ன்கிர்ஷனில் ஆர்டாக் நிறுவனம் நடத்தும் கலப்பு உலை, 80 சதவீதம் வரை மின்சாரத்திலும் மீதி எரிவாயுவிலும் இயங்கும்படி கட்டப்பட்டது. பிரான்ஸின் கோன்யாக்கில் வெராலியா நிறுவனம் 2024-இல் முழு மின் உலையைத் தொடங்கியது. நாளொன்றுக்கு 180 டன் கண்ணாடி. வழக்கமான உலையோடு ஒப்பிட்டால் புகை 60 சதவீதம் குறையும் என்கிறது நிறுவனம். நல்ல முயற்சிகள்தான். ஆனால் பிரான்ஸின் மின்சாரத்தில் பெரும்பங்கு அணு உலைகளிலிருந்து வருகிறது. இந்தியாவில் பெரும்பகுதி நிலக்கரி. இங்கே மின் உலையை மட்டும் கொண்டுவந்தால் புகைபோக்கி ஆலையிலிருந்து அனல்மின் நிலையத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

பாட்டிலை இலேசாக்குவது இன்னொரு வழி. வெராலியாவே 300 கிராம் எடையில் ஒயின் பாட்டில் செய்கிறது. ஆனால் மெல்லிய பாட்டிலைத் திரும்பத் திரும்பக் கழுவி நிரப்ப முடியாது. அதற்குத் தடித்த சுவர் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஆலையும் வாடிக்கையாளரும் பக்கத்தில் இருக்கும் இடங்களில் தடித்த பாட்டில்தான் சரி என்பது என் முடிவு. காலி பாட்டில் லாரியேறி ஆயிரம் கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் கணக்கு மாறிவிடும்.

தடித்த பாட்டிலைப் பக்கத்திலேயே கழுவி நிரப்புவதை நம் ஊர் சோடா கம்பெனிகள் காலங்காலமாகச் செய்துவந்தன. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை பெற்ற கோலி பாட்டில், ஊரைத் தாண்டாமல் கடைக்கும் கம்பெனிக்கும் இடையே சுற்றியது. கழுவினார்கள், நிரப்பினார்கள், கோலியை இறுக்கினார்கள்.

ஜெர்மனி இதையே நாடளவில் செய்தது. 1969-இல் அங்கே மினரல் வாட்டர் கம்பெனிகள் கூடி, குன்டர் குபெட்ஸ் வடிவமைத்த ஒரே அச்சு பாட்டிலை ஏற்றுக்கொண்டன. எந்தக் கம்பெனியின் காலி பாட்டிலையும் எந்தக் கம்பெனியும் கழுவி நிரப்பலாம். ஒரு பாட்டில் ஐம்பது முறை வரை சுற்றுகிறது.

தமிழ்நாட்டில் இதற்கான பாதி வேலை நடந்திருக்கிறது. நீலகிரிக் காடுகளில் வீசப்பட்ட மது பாட்டில்களின் சில்லுகள் யானைகளின் பாதத்தில் குத்துவது சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. அதையடுத்து 2022 மே மாதம் அந்த மாவட்டத்தில் ஒரு பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு திட்டம் வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. வைக்க இடமில்லை, ஆளில்லை என்று கடை ஊழியர்கள் சொல்லும் புகார் நியாயமானது. அதைத் தீர்க்காமல் திட்டம் நிலைக்காது.

அடுத்த பாதி, பாட்டிலின் வடிவம். குடிப்பது சரியா தவறா என்பது வேறு வழக்கு. மாநிலம் முழுவதும் மதுவை வாங்கி விற்கும் ஒரே நிறுவனம் டாஸ்மாக். ஜெர்மனியில் பல கம்பெனிகள் கூடிப் பேசி எட்டிய உடன்பாட்டை, இங்கே ஒரே ஒரு கொள்முதல் விதியால் எட்டிவிடலாம்: 180 மில்லி குவார்ட்டர் எந்த பிராண்டாக இருந்தாலும் ஒரே அச்சு, ஒரே தடிமன், கண்ணாடியில் பெயர் பொறிக்காமல் தண்ணீரில் ஊறிக் கழன்றுவரும் லேபிள். அந்த டெண்டர் விதியில் இன்னொரு வரியும் வேண்டும்: விரிசல் விட்ட பாட்டிலை நிறம் பிரித்து உலைக்கு அனுப்புகிறவர்களுக்குக் கையுறையும் கூலியும்.