உண்ணி வாதம்

சென்ற கார்த்திகையில் ஒரு நாள் மாலை, கல்லூரி முடிந்து ஊர்ப் பேருந்திலிருந்து இறங்கினேன். பேருந்தின் ஒலி கேட்டாலே தெருமுனைவரை ஓடிவரும் எங்கள் நாய் மணி அன்று வரவில்லை. திண்ணையோரம் படுத்தபடியே குரைத்தது. குரைப்பா அது? தொண்டையில் துணியை அடைத்தாற்போன்ற ஒரு கம்மல்! எழ முயன்றபோது பின்னங்கால்கள் இரண்டும் பின்னிக்கொண்டன. "உண்ணி ரத்தத்தக் குடிச்சுக் கால இழுத்துருச்சுய்யா" என்றார் அப்பத்தா.

எனக்கோ உள்ளூர ஒரு பெருமிதம். அந்த வாரந்தான் நம் நூலகத்தில் ஒட்டுண்ணியியல் நூல் ஒன்றில் 'உண்ணி வாதம்' என்னும் பகுதியைப் படித்திருந்தேன். குரல் மாற்றம், பின்னங்கால் தளர்ச்சி, காதோரம் உண்ணிகள் என எல்லாம் அச்சடித்தாற்போல் பொருந்தின. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்த படிப்பு வீட்டிற்கு உதவும் நாள் வந்துவிட்டதென்று எண்ணி, விலங்கியல் ஆய்வகத்திற்கென வாங்கிய இடுக்கியால் உண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். அப்பா மணியின் வாயைத் திறந்து பிடிக்க, நான் கஞ்சி புகட்டினேன். நாங்கள் செய்த பிழை எது என்பதைக் கூறுமுன், அந்த நூல் விவரித்த நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அது ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையோரத்து நோய். அதற்குக் காரணம் 'இக்சோடஸ் ஹோலோசைக்ளஸ்' என்னும் உண்ணி. உண்ணி பூச்சியினம் அன்று. எட்டுக் கால்களுடைய சிலந்தி வகுப்பைச் சேர்ந்தது என்பதை விலங்கியல் மாணவர்கள் அறிவார்கள். காட்டில் இது பாண்டிகூட் போன்ற பைம்மாவினப் பிராணிகளின் குருதியைக் குடித்து வாழ்கிறது. அவற்றுக்குப் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. நாயின் மீது ஏறினால்தான் வினை. 1824இல் அந்நாட்டின் உட்பகுதிக்குப் பயணம் சென்ற வில்லியம் ஹோவெல் என்பவரே, மனிதனையும் விலங்கையும் கொல்லவல்ல ஓர் உண்ணியைப் பற்றித் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1920களில் இயன் குளூனிஸ் ராஸ் என்னும் கால்நடை மருத்துவர் இதை ஆராய்ந்தார். பிற்காலத்தில் அந்நாட்டு ஐம்பது டாலர் நோட்டில் அவருடைய படம் இடம்பெற்றது. கால்நடை மருத்துவர் ஒருவருக்குப் பணநோட்டில் இடம் கிடைத்ததை எண்ணும்போது எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருக்கிறது.

நோயைத் தருவது கிருமியன்று, நஞ்சு. பெண் உண்ணி குருதி குடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு அந்த நஞ்சு நாயின் உடலில் கலக்கிறது. நரம்பு தசையோடு சேருமிடத்தில் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் சுரந்தால்தான் தசை சுருங்கும். நஞ்சு அச்சுரப்பைத் தடுத்துவிடுகிறது. நரம்பு ஆணையிடுகிறது, ஆணை தசைக்குப் போய்ச் சேர்வதில்லை! உண்ணி ஒட்டிய அன்றே எதுவும் தெரியாது. மூன்று நாள், நான்கு நாள் கழித்துத்தான் குரல் மாறும்; வாந்தியோ குமட்டலோ வரும்; பின்னங்கால் தள்ளாடும். பிறகு தளர்ச்சி முன்னங்கால்களுக்கு ஏறும். இறுதியில் மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்தால் நாய் இறந்துபோகும். இத்தனைக்கும் ஒரே ஓர் உண்ணி போதும்.

அமெரிக்காவிலும் உண்ணி வாதம் உண்டு. அங்கே அதைத் தருவது 'டெர்மசென்டார்' என்னும் வேறு உண்ணி. அந்த உண்ணியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் நாய் எழுந்து நடக்கும். ஆஸ்திரேலியாவில் அப்படியன்று. உண்ணியை எடுத்த பின்னும் ஒரு நாள், இரண்டு நாள்வரை நோய் முற்றிக்கொண்டே போகலாம். "உண்ணியைத்தான் எடுத்துவிட்டோமே" என்று வீட்டில் வைத்திருந்து நாயைப் பறிகொடுப்பவர்கள் அங்கே உண்டு. மருத்துவரிடம் கொண்டுபோனால், நாய்களின் குருதியிலிருந்து எடுக்கப்படும் எதிர்நச்சுச் சீரத்தை ஏற்றுவார். பதற்றம் தணிய மருந்து தருவார். மூச்சுத் திணறினால் ஆக்சிஜன். கடுமையான நிலையில் செயற்கைச் சுவாசக் கருவியும் தேவைப்படும். முடியை மழித்து உடல் முழுவதும் தேடுவார்கள். ஓர் உண்ணி கிடைத்தால் இன்னொன்றும் இருக்கலாமல்லவா? பெரும்பாலானவை தலையிலும் கழுத்திலுமே அகப்படும். நாயைக் குளிர்ந்த, சந்தடியில்லாத இடத்தில் வைக்க வேண்டும். வாய்வழியாக உணவோ நீரோ கூடாது. விழுங்கும் தசை தளர்ந்திருப்பதால் அது நுரையீரலுக்குள் போய்விடும். நாங்கள் கஞ்சி புகட்டியது இந்த வகையிலும் தவறுதான்.

இனி எங்கள் திண்ணைக்கு வருகிறேன். மறுநாள் காலை மணிக்குக் கீழ்த்தாடை தொங்கிவிட்டது. எச்சில் நூலாக வடிந்தது. கால்நடை மருந்தகத்திற்கு ஓடினேன். நான் உண்ணி வாதத்தை விளக்கத் தொடங்கியதும் மருத்துவர் கையமர்த்தி ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, வாய்க்குள்ள கைய விட்டீங்களா?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரேபிஸ் என்றால் கண்ட கண்ட ஆளைத் துரத்திக் கடிக்கும் நாயையே நாம் நினைக்கிறோம். கடிக்காமல், ஓரமாக ஒடுங்கிக் கிடந்து, குரல் மாறி, தாடை தொங்கி, கால் விழுந்து சாகும் ஊமை வகையும் அதில் உண்டு. ஆஸ்திரேலியாவில் நாய்களிடையே ரேபிஸ் இல்லை. ஆகவே அங்குள்ளவர்கள் இந்த அறிகுறிகளைக் கண்டதும் முதலில் உண்ணியைத் தேடுகிறார்கள். நம் ஊரில் அதே அறிகுறிகளைக் கண்டால் முதலில் கையை எடுக்க வேண்டும்! நூலில் பிழையில்லை, அது எந்த நாட்டு நாயைப் பற்றிப் பேசுகிறது என்பதை நான்தான் கவனிக்கவில்லை.

நம் நாட்டு நாய்களில் மிகுதியாகக் காணப்படும் பழுப்பு நாய் உண்ணியால் பெரிதும் வருவது வாதமன்று, காய்ச்சல். எர்லிக்கியா, பபீசியா என்னும் நுண்ணுயிர்களை அது பரப்புகிறது. நாய் தீனி எடுக்காது, ஈறு வெளுக்கும், சிலவற்றுக்கு மூக்கில் குருதி வடியும், சிறுநீர் காப்பி நிறமாகும். குருதியைச் சோதித்துத் தக்க மருந்து கொடுத்தால் பிழைக்கும். உண்ணியை எடுக்க மண்ணெண்ணெயும் நெருப்பும் வேண்டா. தோலையொட்டி இடுக்கியால் பற்றி நேராக இழுத்தால் போதும். கால் தளர்வதற்கு அடிபட்டது, முதுகெலும்புக் கோளாறு, டிஸ்டெம்பர் என வேறு காரணங்களும் உண்டு. அவற்றைப் பிரித்தறிவது மருத்துவர் வேலை.

மணி நான்காம் நாள் இறந்தது. அதற்கு முன்பே, மருத்துவர் சொன்னபடி கைகளைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அப்பாவும் நானும் அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். முதல் நாள், 3, 7, 28ஆம் நாள் என்று இருவருக்கும் ஊசி. மண்வெட்டி பிடித்து வெடித்த விரல்கள் அப்பாவுக்கு. ஆதலால் அவருக்கு மட்டும் இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போட்டார்கள். கூலிக்குப் போகாத நாள்களைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

தை மாதம் ஒரு குட்டி வந்திருக்கிறது. மூன்று மாதம் நிறைந்ததும் அதற்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டாயிற்று. தினமும் சாயங்காலம் அப்பத்தா அதன் காதைப் புரட்டி உண்ணி பார்க்கிறார்.