காமிராவும் கையுமாக அயல்நாட்டில்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில், விம்கோ நகரை அடுத்து வரும் நிலையம் காத்திவாக்கம். ஒரு புறம் வங்காள விரிகுடா. மற்றப் புறங்களில் தொழிற்சாலைகள். நடுவே மீனவர் குப்பங்கள். உல்லாசப் பிரயாணிகள் தேடி வரும் ஊர் அல்ல இது. ஆனாலும் இந்தப் பகுதி காமிராவுக்குப் புதிதல்ல.

2017 ஜனவரி 28-ந் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கடலில் கொட்டிக் கரையெல்லாம் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. இரண்டு முறையும் காமிராக்கள் திரண்டு வந்தன. கையும் காலும் கறுத்து, வாளியும் கையுமாக நின்ற மனிதர்களின் படம் தேசம் தேசமாகப் போயிற்று.

அந்தப் படங்கள் பொய்யல்ல. அவை வெளிவந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் காத்திவாக்கம் என்றால் அவ்வளவுதானா? இங்கே கல்யாணம் நடக்கிறது. கோயிலில் கூழ் வார்க்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வலை நிறைய மீன் வரும் நாளும் உண்டு. தூர தேசத்தில் உட்கார்ந்து அந்த ஒரே படத்தைப் பார்ப்பவருக்கு இவையெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

இந்தக் கேள்வியை இப்போது நாம் கேட்டுக்கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் அயல்நாட்டார் வந்து நம்மைப் படம் பிடித்தார்கள். இன்று நம்மவர்களே காமிராவுடன் அயல்நாடு போகிறார்கள். பாங்காக் கடைத்தெருவையும் பாலித் தீவையும் ஆப்பிரிக்கக் கிராமத்தையும் வீடியோ பிடித்து, தமிழில் பேசி, யூடியூபில் போடுகிறார்கள். லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். நல்ல காரியம்தான். எடுக்கும் இடத்தில் நாம் நிற்கும்போது எப்படி நடந்துகொள்கிறோம் என்பதே விஷயம்.

முன்னோடித் தமிழர்

இந்தத் துறையில் நமக்கு முன்னோடி ஒருவர் உண்டு. கோட்டையூரில் 1911-ல் பிறந்த ஏ. கே. செட்டியார். பர்மாவில் 'தனவணிகன்' பத்திரிகையை நடத்தியவர். 1930-களில் டோக்கியோவுக்குப் போய்ப் புகைப்படக் கலையைப் பயின்றார். பிறகு நியூயார்க்கிலும் பயின்றார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்பது அவர் எழுதிய நூலின் பெயர். அதுவே அவருக்குப் பட்டப் பெயராகவும் ஆகிவிட்டது.

1937 அக்டோபர் 2. காந்தியடிகளின் பிறந்த நாள். அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த செட்டியாருக்கு ஒரு யோசனை உதித்தது. காந்தியடிகளின் வாழ்க்கையை ஏன் சினிமாப் படமாக எடுக்கக்கூடாது? வேஷம் போட்டு நடிக்கும் படமல்ல. அதுவரை யார் யாரோ எடுத்து வைத்திருந்த உண்மைப் படச் சுருள்களைத் தேடித் தொகுக்கும் படம்.

யோசனை எளிது, காரியம் எளிதல்ல. சுமார் ஒரு லட்சம் மைல் பிரயாணம் செய்தார். 50,000 அடி நீளப் படத்தைச் சேகரித்தார். அதிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்தெடுத்தார். தமிழ் விளக்கவுரையுடன் அந்தப் படம் 1940 ஆகஸ்டு 23-ந் தேதி சென்னையில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 28!

இதில் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. காந்தி பிறந்தது இந்தியாவில். ஆனால் அவர் உருவத்தைத் தேடி நம்மவர் அயல்நாடுகளில் அலைய வேண்டியிருந்தது. எடுத்தவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எடுக்கப்பட்டவர் வீட்டில் பலவும் தங்கவில்லை.

செட்டியாரின் படத்துக்கும் பின்னால் இதே கதிதான் நேர்ந்தது. தமிழ்ப் பிரதி பல காலம் கண்ணில் படவே இல்லை. வருஷக்கணக்காகத் தேடிய பிறகு அமெரிக்காவில் கிடைத்தது, 1953-ல் அங்கே சுருக்கித் தயாரித்த ஆங்கில வடிவம். படம் உருவான கதையை மட்டும் அவர் தமது 'குமரி மலர்' பத்திரிகையில் எழுதி வைத்தார். 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாக அது நமக்குக் கிடைக்கிறது.

பாதி வீட்டில் ஒரு குடும்பம்

அந்நிய ஜனங்களின் வாழ்க்கையைப் படம் பிடித்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ராபர்ட் பிளாகர்ட்டி என்ற அமெரிக்கர். கனடாவின் வட கோடியில், பனிப் பிரதேசத்தில் வாழும் இனூயிட் மக்களிடையே தங்கி அவர் எடுத்த 'நானூக் ஆப் தி நார்த்' 1922-ல் வெளிவந்தது. முதலில் எடுத்த படச் சுருள், சிகரெட் நெருப்புப் பட்டு எரிந்துபோயிற்று. மனிதர் தளரவில்லை, திரும்பவும் போய் எடுத்தார்.

அவர் செய்த நல்ல காரியம் ஒன்று. படத்தைக் கழுவும் சாமான்களையும் திரையிடும் கருவியையும் கூடவே கொண்டுபோனார். எடுத்ததை அந்த ஜனங்களுக்கே போட்டுக் காட்டினார். அவர்கள் உற்சாகமாக ஒத்துழைத்தார்கள்.

செய்த தவறும் உண்டு. கதாநாயகரின் பெயர் நானூக் அல்ல, அல்லகரியல்லக். அக்காலத்தில் அவர்கள் துப்பாக்கி பிடிக்கப் பழகிவிட்டார்கள். ஆனால் படத்துக்காகப் பழங்காலத்து ஈட்டியால் வேட்டையாடச் சொன்னார். பனிக்கட்டி வீட்டுக்குள் காமிராவுக்கு வெளிச்சம் போதவில்லை. ஆகவே பாதி வீடு மட்டும் கட்டி, திறந்த பக்கத்தில் காமிராவை வைத்தார். கடுங்குளிரில் அந்தக் குடும்பம் அங்கே படுத்து எழுந்து நடித்தது! பார்த்த உலகம் அதை முழு வீடு என்றே நம்பியது.

நாமும் அறியாமல் இதைத்தான் செய்கிறோம். ஆப்பிரிக்கக் கிராமத்தில் செல்பேசியுடன் நிற்கும் வாலிபனை விட்டுவிட்டு, ஈட்டி பிடித்த கிழவரைத் தேடுகிறோம். காத்திவாக்கத்து இளைஞனிடம் ஒருவர் வந்து, "சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டுமரத்தில் உட்காரப்பா" என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

மலைக்குத் திரை

செட்டியார் காமிரா பிடிக்கக் கற்ற ஜப்பானிலேயே இன்று காமிராவுக்குத் திரை போட வேண்டியதாயிற்று. புஜி மலை அடிவாரத்திலுள்ள புஜிகவாகுச்சிகோ என்ற ஊரில் ஒரு கடை. கடைக்கு மேலே மலை தெரியும் காட்சி மிக அழகு. அதைப் படம் பிடிக்க வந்த கூட்டம் சாலையை மறித்தது, குப்பை போட்டது, அக்கம்பக்கத்து இடங்களில் புகுந்தது. 2024 மே மாதம் நகர நிர்வாகம் 20 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரத்துக்குக் கறுப்பு வலை கட்டி மலையையே மறைத்துவிட்டது! சில மாதங்களில் வலை இறங்கியது. கெட்ட பெயர் இறங்கவில்லை.

கியோட்டோ நகரின் கியோன் பகுதியில், ஆடல் பாடல் கற்ற கெய்ஷாப் பெண்கள் வேலைக்குப் போகும் சந்துகள் உண்டு. அவர்களை வழிமறித்துப் படம் பிடிக்கும் தொல்லை பொறுக்காமல், தனியார் சந்துகளில் படமெடுத்தால் 10,000 யென் அபராதம் என்று 2019-ல் பலகை வைத்தார்கள். அரபு அமீரகத்திலோ, ஒருவரை அவர் சம்மதமின்றிப் படம் பிடிப்பதே சட்டப்படி குற்றம்.

போகுமுன் சில யோசனைகள்

அயல்நாடு போகும் வாலிபர்கள் இவற்றைக் கேட்டால் நல்லது. இறங்கியதும் காமிராவை எடுக்காதீர்கள். முதல் நாள் வெறுங்கையோடு சுற்றுங்கள். வணக்கம், நன்றி, "படம் எடுக்கலாமா?" என்ற மூன்றையும் அந்த ஊர்ப் பாஷையில் கற்றுக்கொள்ளுங்கள். தலையை அசைத்து மறுத்தால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். துறைமுகம், ராணுவ இடம், வழிபாட்டுத் தலம் இவற்றில் விதியை விசாரித்த பிறகே படம் எடுங்கள்.

எடுத்த ஊரையும் தேதியையும் அன்றே எழுதி வையுங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரில்லாத படம் வேடிக்கை. பெயருள்ள படம் சரித்திரம். அவர்கள் சாப்பாட்டைக் கண்டு காமிரா முன் முகம் சுளிக்காதீர்கள். நம் கருவாட்டு வாசனையைக் கண்டு மூக்கைப் பிடிப்பவரை நமக்குப் பிடிக்குமா?

எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த படத்தின் பிரதி ஒன்றை எடுக்கப்பட்டவருக்கு அனுப்புங்கள். பிளாகர்ட்டி பனிப் பிரதேசத்துக்குக் கருவிகளைச் சுமந்துபோய்ச் செய்த காரியம் அது. இன்று ஒரு விரல் தட்டினால் போதும்.

எது நல்ல படம், எது கெட்ட படம் என்ற சந்தேகம் வருமா? வரத்தான் வரும். அதைத் தீர்த்துக்கொள்ளப் பெரிய சாஸ்திரம் ஒன்றும் வேண்டாம். வெளியிடுமுன் ஒரு நிமிஷம் யோசித்தால் போதும்: இதே படத்தை ஒரு அந்நியர் காத்திவாக்கத்தில் என் வீட்டு வாசலில் நின்று, என் தாயாரை வைத்து எடுத்திருந்தால் எனக்குச் சம்மதமா?

சம்மதம் என்று மனம் சொன்னால் தாராளமாக வெளியிடலாம்.