கடைசியாகத் திறக்கப்பட்ட கடற்கரை: பெருந்தொற்று நிவாரணமும் தெருவோர வியாபாரிகளின் உரிமையும்

ஊரடங்கிலிருந்து சென்னை நகரம் ஒரே நாளில் வெளிவரவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறக்கப்பட்டது. எந்தக் கதவு முதலில் திறக்கப்பட்டது, எது கடைசிவரை பூட்டப்பட்டிருந்தது என்பதை அரசின் தளர்வு அறிவிப்புகளைக் கொண்டே வரிசைப்படுத்தலாம். நாடு தழுவிய ஊரடங்கு 2020 மார்ச் 25 அன்று தொடங்கியது. சென்னையில் டாஸ்மாக் மதுக்கடைகள் ஆகஸ்ட் 18 அன்று திறக்கப்பட்டன. வணிக வளாகங்களும் பூங்காக்களும் செப்டம்பர் 1 அன்று திறக்கப்பட்டன. செப்டம்பர் 7 அன்று மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. நவம்பர் 10 அன்று திரையரங்குகளுக்கு அனுமதி கிடைத்தது. மெரினா கடற்கரையில் பொதுமக்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்ட நாள் டிசம்பர் 14.

கடற்கரையில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போகும் என்ற அச்சம் நியாயமானதே. கடற்கரையை முன்கூட்டியே திறந்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. குளிரூட்டப்பட்ட வணிக வளாகம் திறந்து மூன்றரை மாதங்கள் கழித்தே திறந்தவெளி மணற்பரப்பு திறக்கப்பட்டது என்றால், அந்த மூன்றரை மாதங்களின் இழப்பை யார் ஏற்றார்கள் என்பதே கேள்வி. சுண்டல், பஜ்ஜி, சோளம், மணிமாலை விற்றவர்களும், ராட்டினம் சுற்றியவர்களும், பலூன் சுடும் பலகை வைத்திருந்தவர்களுமே அதை ஏற்றார்கள். பொதுநலனுக்காக ஒருவரின் பிழைப்பை மிக நீண்ட காலம் நிறுத்தி வைக்கும் அரசு, அவருக்கே மிகுதியான ஆதரவையும் தர வேண்டும். நடந்தது இதற்கு நேர்மாறு.

இருவகைக் கடன்கள்

2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்த நிவாரணத் தொகுப்பில் 3 லட்சம் கோடி ரூபாய் மதிப்பிலான அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம் இடம்பெற்றது. சிறு, குறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்களுக்குப் பிணையின்றிக் கூடுதல் கடன் வழங்குவது அதன் நோக்கம். 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் அளவுக்குப் புதிய கடன் பெற முடிந்தது. தவணைக் காலம் நான்கு ஆண்டுகள். முதல் ஓராண்டில் அசலைத் திருப்பிச் செலுத்த வேண்டியிருக்கவில்லை. இதன் பொருள் எளிது: ஏற்கெனவே வங்கிக் கடன் வைத்திருந்தவருக்கே மேலும் கடன் கிடைத்தது. தண்டல்காரரிடம் காலையில் வாங்கி மாலையில் கட்டும் வியாபாரிக்கு வங்கியில் நிலுவை ஏது?

அவருக்கென 2020 ஜூன் 1 அன்று பி.எம். ஸ்வநிதி திட்டம் தொடங்கப்பட்டது. பிணையின்றி 10,000 ரூபாய் வரை கடன், ஓராண்டு மாதத் தவணை, ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் என்பவை அதன் அன்றைய அம்சங்கள். தண்டல் வட்டியோடு ஒப்பிட்டால் இது நல்ல திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இது நிவாரணமன்று, கடன். மெரினா வியாபாரி ஒருவர் 2020 ஜூலையில் இக்கடனைப் பெற்றிருந்தால், வண்டி நிறுத்த இடம் கிடைப்பதற்கு முன்பே தவணைகள் தொடங்கியிருக்கும். கடையைத் திறக்க ஓரரசு தடை விதிக்கிறது. கடனைக் கட்ட இன்னோரரசு நாள் குறிக்கிறது. இரண்டுக்கும் இடையே அகப்பட்டவருக்குத் திருப்பித் தரத் தேவையற்றதாகக் குடும்ப அட்டைக்கான உதவிகள் கிடைத்தன: 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும், அவ்வாண்டு ஜூனில் ஊரடங்கு கடுமையாக்கப்பட்டபோது மீண்டும் 1,000 ரூபாயும்.

சான்றிதழ் யாரிடம் இருக்கிறது?

ஸ்வநிதி திட்டம் வியாபாரிகளை நான்காகப் பிரித்தது. விற்பனைச் சான்றிதழ் அல்லது அடையாள அட்டை உள்ளவர்கள் முதல் வகை. கணக்கெடுப்பில் இடம்பெற்றும் சான்றிதழ் பெறாதவர்கள் இரண்டாம் வகை. கணக்கெடுப்பில் விடுபட்டவர்களும், சுற்றுப்புறங்களிலிருந்து வந்து நகரில் விற்பவர்களும் அடுத்த இரு வகையினர். இவ்விரு வகையினரும் உள்ளாட்சி அமைப்பு அல்லது நகர விற்பனைக் குழுவிடம் பரிந்துரைக் கடிதம் பெற வேண்டும். அதாவது, தன்னைக் கணக்கில் சேர்க்கத் தவறிய அலுவலகத்திடமே வியாபாரி சென்று, தான் வியாபாரி என்று சான்று கேட்க வேண்டும்.

தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014 மே 1 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 3. கணக்கெடுப்பு முடிந்து அனைவருக்கும் சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்பதும் அதே பிரிவின் கட்டளை. பெருந்தொற்று வந்தபோது இச்சட்டத்துக்கு ஆறு வயது. அதற்குள் எல்லாருக்கும் சான்றிதழ் சென்று சேர்ந்திருந்தால், நிவாரணப் பட்டியலைப் புதிதாகத் தேட வேண்டிய தேவையே எழுந்திருக்காது.

இங்குதான் சாதி வெளிப்படையாகப் பேசாமலே வேலை செய்கிறது. எந்த விதியும் தலித் வியாபாரிக்குக் கடனில்லை என்று எழுதவில்லை. நிலம், பட்டா, பழைய வங்கிக் கணக்கு, அலுவலகத்தில் அறிந்த முகம் ஆகியவற்றைத் தகுதியாக்கினால் போதும். தலைமுறைகளாக இவை மறுக்கப்பட்டவர் தானாகவே வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவார்.

சட்டம் இதை முழுவதுமாகக் கவனிக்காமல் விடவில்லை. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு உரிய பிரதிநிதித்துவம் வேண்டும் என்கிறது பிரிவு 22. ஆனால் சான்றிதழ் வழங்குவதில் இவர்களுக்கான முன்னுரிமையைப் பிரிவு 7 கட்டாயமாக்கவில்லை. மாநிலத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற அளவிலேயே நிற்கிறது. அந்த ‘லாம்’ விகுதிக்குள் எத்தனை பேரின் பிழைப்பு அடங்கியிருக்கிறது!

900 வண்டிகள்

மெரினாவைச் சீரமைப்பது தொடர்பான பொதுநல வழக்கு பெருந்தொற்றுக்கு முன்பே சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்துவந்தது. கடற்கரை எப்போது திறக்கப்படும் என்று அரசை நீதிமன்றம் கேட்டதும் அவ்வழக்கில்தான். ஒரே அமைப்பிலான 900 வண்டிக் கடைகளை வழங்க மாநகராட்சி திட்டமிட்டது. 60 சதவீதம் ஏற்கெனவே அங்கு விற்றவர்களுக்கு, 40 சதவீதம் பிறருக்கு என்று பிரிக்கப்பட்டு, 2021 ஜனவரியில் குலுக்கல் நடந்தது.

ஒன்பது மாதம் பிழைப்பிழந்து திரும்பியவரின் எதிர்காலம் ஒரு சீட்டில் வந்து நின்றது. குலுக்கலைச் சட்டம் தடுக்கவில்லை. இடத்தின் கொள்ளளவைவிட வியாபாரிகள் மிகுந்தால் நகர விற்பனைக் குழு குலுக்கல் நடத்த வேண்டும் என்கிறது பிரிவு 4. ஆனால் அதே வாக்கியத்தின் பின்பாதியையும் படிக்க வேண்டும்: மீதமுள்ளவர்களுக்கு அருகிலுள்ள விற்பனைப் பகுதியில் இடம் தரப்பட வேண்டும். சீட்டு விழாதவர் உரிமை இழந்தவர் ஆகமாட்டார்.

இரண்டாம் அலையிலும் பழைய வரிசையே திரும்பியது. 2021 ஏப்ரலில் கடற்கரைகள் மீண்டும் மூடப்பட்டன. ஜூன் இறுதியில் வந்த தளர்வு காலை 5 மணி முதல் 9 மணி வரை நடைப்பயிற்சிக்கு மட்டுமே. 2022 ஜனவரித் தொடக்கத்தில் மூடியபோதும் நடைப்பயிற்சி செய்வோருக்கு விலக்கு இருந்தது. உடல்நலத்துக்காக நடப்பவருக்கு மணல் முதலில் திறந்தது. வயிற்றுக்காக நடப்பவர் காத்திருந்தார்.

நாம் கேட்க வேண்டியவை

தெருவில் விற்பது சலுகையன்று. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஜி) பிரிவு தரும் தொழிலுரிமையில் அது அடங்கும் என்று சோதன் சிங் வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஊரடங்குக்குப் பயன்படுத்தப்பட்ட 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலும் நமக்கு இரண்டு பிடிகள் உள்ளன. நிவாரணத்துக்கான குறைந்தபட்சத் தரநிலைகளில் வாழ்வாதார மீட்புக்கான உதவியும் இடம்பெற வேண்டும் என்கிறது பிரிவு 12. நிவாரணம் வழங்குவதில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது பிரிவு 61. கோவிட் மரணங்களுக்கு இழப்பீட்டுத் தொகை வேண்டும் என்று பிரிவு 12-ஐக் காட்டித்தான் 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உயிரிழப்புக்குப் பயன்பட்ட அதே பிரிவை, பிழைப்பிழப்புக்கும் நாம் பயன்படுத்தியாக வேண்டும்.

அதற்கான வேலையை இப்போதே தொடங்கலாம். மாணவர்கள் தத்தம் நகராட்சியிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நான்கு கேள்விகள் கேட்கட்டும். கடைசிக் கணக்கெடுப்பு எப்போது நடந்தது? சான்றிதழ் பெற்றவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் எத்தனை பேர்? நகர விற்பனைக் குழுவின் வியாபாரிப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களா, நியமிக்கப்பட்டவர்களா? பரிந்துரைக் கடிதம் கேட்டவர்களில் எத்தனை பேர், எந்தக் காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டனர்?

அடுத்த பேரிடர் புயலாகவோ நோயாகவோ வரலாம். அன்றும் கடற்கரைதான் முதலில் மூடப்படும். அன்று நிவாரணம் யாருக்குப் போய்ச் சேரும் என்பது, இன்று விற்பனைச் சான்றிதழ் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமையும்.